சாம்பல் தாளில் வந்த சரணம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இப்போது மணி 2.10. ஓட்டல் அறையில் அம்மா தூங்குகிறாள். எனக்கு உடம்பே மரத்துப்போயிருக்கிறது. பயம்கூடச் சரியாக வரவில்லை.

எங்கள் பாட்டு நாடகம் நியூயார்க் போக இன்னும் மூன்று வாரம். அதற்குமுன் இங்கே நியூ ஹேவனில் போட்டுப் பார்த்துத் தினமும் திருத்துகிறார்கள். மத்தியானம் புதுப் பக்கம் கைக்கு வரும், ராத்திரி அதை நடித்தாகவேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாளின் நிறம் மாறும். நீலம், ரோஸ், மஞ்சள், நேற்று பச்சை. பாத்திரத்தின் பெயர்கூட நிலைக்காது. திங்கள்கிழமை நான் ஏடா. புதன்கிழமை நெல்.

எனக்கு அதில் ஒரே ஒரு பாட்டு. நாடகம் பத்து நிமிடம் கூடுதலாக நீளுகிறது என்று அதைத்தான் வெட்டப் பார்த்தார்கள். அதைக் கேட்கத்தான் அம்மா மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள்.

"ஆறு மணிக்கு முடிவு சொல்றோம் வின்னி" என்றார் மேடை மேலாளர் பெர்னீஸ். "மூஞ்சியத் தொங்கப்போடாத. போய் எதையாவது தின்னு."

5.20. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். புதுப் பக்கங்களைப் போட்டுவைக்கும் என் பெட்டியில் ஒரு தாள் இருந்தது. சாம்பல் நிறம். நாலாக மடித்தது. லேசாக ஈரம். என் பாட்டுக்குப் புதிதாக ஒரு சரணம்! அப்படியென்றால் வெட்டவில்லை. மேல் மூலையில் 'கோரா' என்று எழுதியிருந்தது. சரி, இன்றைக்கு நம் பெயர் கோரா போலிருக்கிறது என்று நினைத்தேன்.

5.31. மேடையில் ஒற்றை பல்பு மட்டும் எரிந்தது. தாளைப் பையில் வைத்துவிட்டுப் பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரி மறந்துபோனது.

மேடை ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் எடுத்துக்கொடுத்தது.

"கதவைச் சாத்தாதே... நான் இன்னும் வரவில்லை..."

"தேங்க்ஸ்" என்று சொல்லிப் பாடி முடித்தேன்.

"இன்னொரு தடவை, கோரா."

"சரி."

மறுபடியும் பாடினேன். பாதியில்தான் உறைத்தது.

தாள் என் பையில்தானே இருக்கிறது?

ஓரத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு நாற்காலி.

யாருமில்லை.

நாற்காலியிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

ஆறு மணிக்குப் பாட்டு எழுதும் டெஸ்மண்டிடம் தாளைக் காட்டினேன்.

"இத யாரு குடுத்தா?"

"பெட்டில இருந்துச்சு. நீங்க எழுதலையா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பாட்ட வெட்டாதீங்க" என்றார் பெர்னீஸிடம்.

ராத்திரி பாடினேன். அம்மா அழுதாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

10.50. பெர்னீஸ் வருகைத் தாளோடு வந்தார். "ஏம்மா, உன் பேருக்கு நேரா கோரான்னு கையெழுத்துப் போட்டிருக்க? வெளையாட வேற பேரே கெடைக்கலையா?"

என் கையெழுத்துதான். போட்ட ஞாபகமே இல்லை.

"இன்னைக்கு என் பாத்திரத்துக்கு அதானே பேரு?"

"எந்தப் பக்கத்துலயும் அப்படி ஒரு பேரு கெடையாது."

டெஸ்மண்ட்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு வருடம் முன்பு, முதல் ஒத்திகைகளில், என் பாத்திரத்தில் நடித்தவள் கோரா. வயது பதினேழு. அவள் பாட்டை வெட்டிய அன்று, வீட்டுக்குப் போகும் வழியில், மழையில், கார் ஆற்றில் விழுந்தது. விஷயம் தெரியாமல், பாட்டைத் திரும்பச் சேர்க்க அதே ராத்திரி அவர் ஒரு சரணம் எழுதினார். கைக்குக் கிடைத்த சாம்பல் தாளில். வேறு பிரதி இல்லை.

"அவ கையிலயே வெச்சேன், வின்னி. சவப்பெட்டிய மூடுறப்ப பக்கத்துலதான் நின்னேன்."

நாளைக்கும் நான் அதைப் பாடவேண்டும். அந்த மூன்றாவது வரியை மட்டும் மறந்துவிடவே கூடாது.

மறந்தால்... எடுத்துக்கொடுக்க ஆள் இருக்கிறது.