பதினொரு வாசல்

மீனம்மாக்காவுக்கு மீன் தெரியாது. பாரையையும் சூடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டுமே அவருக்கு வெறும் மீன்தான். பேரில் மட்டும்தான் மீன் என்று நான் பகிடி பண்ணுவேன். “ஒனக்குக் கத்தரிக்கும் சுண்டங்கத்தரிக்கும் வித்தியாசம் தெரியல, வாய மூடு புள்ள” என்பார். அதுவும் உண்மைதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடியில் முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடி வந்தோம். நான், என் மனுசன் யோசெப், மகள் டிலுசா. விசுவமடுவில் யாருடையது என்று தெரியாத ஒரு வேலியோரம், வேப்பமர நிழலில் நின்றோம். படலையைத் திறந்துகொண்டு ஒரு மனுசி வந்து, “சின்னத வெயில்ல வச்சிக்கிட்டு என்ன பார்க்கிற? உள்ள வா புள்ள” என்று ஏசினார். அவருடைய காணி மூலையில் நாங்கள் இருக்க ஒரு கொட்டில் போட்டோம்.

என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். என்னைப் ‘புள்ள’ என்று கூப்பிட என் தாய்க்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அதனால் முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் கவனித்தேன், ஊர்ச்சனத்தோடு அவர் ‘வாங்க, இருங்க’ என்றுதான் கதைப்பார். சின்னப் பெடியளைக்கூட அப்படித்தான். நீ, வா, புள்ள எல்லாம் எனக்கு மட்டும். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அவர்கள் இருந்த லய வீடுகளைக் கொளுத்தியபோது புருசன் பழனியாண்டியோடு ஒரு உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார். இரண்டு பேருமாகக் காடு வெட்டினார்கள், கிணறு கிண்டினார்கள். பிள்ளை இல்லை. நாங்கள் வருவதற்கு இரண்டு வருடம் முன்னே பழனியாண்டி மலேரியாவில் போய்விட்டார். மிச்சம் இருந்தது மிளகாய்த் தோட்டமும் ஒரு குப்பைக் குழியும்.

அந்தக் குழியைப் பார்த்து ஊர் முந்திச் சிரித்ததாம். யூரியா இருந்த காலம் அது. பிறகு ஆமிக்காரனின் தடை வந்தது, யூரியா ஒரு மணி கூட இந்தப் பக்கம் வரவில்லை. சிரித்த சனமெல்லாம் பின்னேரங்களில் குழியடிக்கு வரத் தொடங்கியது. சீமைக்கிளுவைக் குழை எத்தனை நாள் வாட வேண்டும், மாட்டெரு எவ்வளவு, எப்போது தண்ணீர் தெளிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மிளகாய் இலை சுருண்டால் புளித்த மோர் என்பார் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த விமலேஸ்வரி. வேப்பங்கொட்டைத் தண்ணீர் என்பார் மீனம்மாக்கா. சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவள் நான் ஒருத்திதான். காணி அவருடையது, தண்ணீர் அவருடையது, விதையும் புத்தியும் அவருடையது. ஒரு வருடமாக வாங்கி வாங்கியே எனக்குக் கை கூசிவிட்டது.

எனக்கும் ஒன்று தெரியும் என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

யோசெப் கரைப்பக்கம் ஒரு கருவாட்டு வாடியில் வேலைக்குப் போய் வருவார். தொண்ணூற்றேழு வைகாசியில் சைக்கிளில் இரண்டு சாக்குக் கழிவு கொண்டுவந்தார். உப்பில் ஊறிய குடல், தலை, செதில். எங்கள் ஊரில் அது தென்னைக்குப் போகும். அந்தச் சாப்பாட்டில் வளர்ந்த மரங்களுக்குக் குலை தாங்காமல் முட்டுக் கொடுத்திருக்கிறோம். தென்னைக்கு நல்லது மிளகாய்க்கு ஆகாதா? மீனம்மாக்கா புதுக்குடியிருப்புக்குப் போன நாளில் இரண்டு சாக்கையும் குழிக்குள் தாட்டுப் புதைத்து, மேலே குழை போட்டு, தென்னங்கிடுகால் மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஒனக்கென்ன தெரியும் என்பார். கன்று தளதளவென்று வந்த பிறகு சொல்லி அவரை வாய்பிளக்க வைக்க ஆசை. “எலி ஏதோ செத்துக் கெடக்கு போல” என்று அவர் மூக்கைப் பொத்தியபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆவணியில் நாற்றுமேடை போட்டார். இடம்பெயர்ந்து வந்த பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மேடை. குழியில் இருந்த எரு முழுவதையும் அதற்குத்தான் கொட்டினார். மாரி மழைக்கு முன் கன்று நட்டால்தான் செத்தல் மிளகாய், அது இருந்தால்தான் அந்த வீடுகளில் அடுத்த வருடம் உலை.

முளைத்ததே பாதி. முளைத்ததும் இலை நுனி கருகிச் சாய்ந்தது. இரண்டாம் கிழமை மேடை காய்ந்தபோது மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது என்னவென்று நக்கிப் பார்க்கத் தேவையில்லை. 

மலையில் பிறந்தவர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்தார். “குழி சூடு ஆறல. அவசரப்பட்டு அள்ளிட்டேன் புள்ள. ஏந் தப்பு” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காணியை விட்டு எழும்பு என்பாரோ என்று பயம். இன்னொரு தடவை கொட்டில் பிடுங்க எனக்குத் தெம்பில்லை. அதைவிட வெட்கம். 

“அவங்க வந்து கேக்கிற வரைக்கும் இருக்கக் கூடாது. நாமளே போய்ச் சொல்லணும். நீயும் வா புள்ள, தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

போனேன். அடுத்த போகத்துக்கென்று வைத்திருந்த விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாசலிலும், “என்னாலதான் போச்சு, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி ஒரு கைப்பிடி விதை கொடுத்தார். இனி நட்டாலும் மழைக்குப் பிந்தும் என்று அவருக்கும் தெரியும், வாங்கினவர்களுக்கும் தெரியும். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். ஒரு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏழாவது வீட்டில் மூன்று பிள்ளைக்காரி ஒருத்தி விதையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மீனம்மாக்காவுக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படலையிலும், அடுத்த வீட்டில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். பதினொரு வீடு முடிந்தது.

பன்னிரண்டாவது விமலேஸ்வரி வீடு. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“தோட்டக்காட்டுச் சனத்தின்ர கதையைக் கேட்டு நடந்தம் பாருங்கோ, எங்களைத்தான் செருப்பால அடிக்கவேணும்” என்றார்.

மீனம்மாக்கா மடி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து வந்தவர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லை இருபது வருடமாகக் கேட்டவர். அவருடைய விரல்கள் மட்டும் முடிச்சில் வழுக்கின.

“அக்காவில பிழை இல்லை” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நான்தான் கருவாட்டுக் கழிவை உப்போட குழிக்குள்ள தாட்டனான். உப்புத்தான் கன்றை எரிச்சது. அக்காவுக்கு ஒண்டும் தெரியாது.”

விமலேஸ்வரி என்னை ஏசினார். என்னென்ன என்று நினைவில்லை. நான் பார்த்தது மீனம்மாக்காவை. அவர் முடிச்சை அவிழ்த்து, கடைசிக் கைப்பிடி விதையை விமலேஸ்வரியின் கையில் வைத்துவிட்டு நடந்தார். ஒழுங்கை முடியும் இடத்தில் நின்றார்.

“மீனப் போட்டது தெரியாமச் செஞ்ச வேல. அத விடு” என்றார். “பதினொரு வாசல்லயும் எம் பக்கத்துல நின்னியே புள்ள.”

 

எங்களைக் காணியை விட்டு எழும்பச் சொல்லவில்லை. நான் நாற்றுமேடை மண்ணையும் குழியின் அடி மண்ணையும் கடகத்தில் அள்ளி எல்லைத் தென்னையடியில் கொட்டினேன். முடிய ஆறு நாள் எடுத்தது. அவர் புதுக் குழி வெட்டினார். சனம் திரும்பி வந்தது, விமலேஸ்வரிதான் முதல் ஆள். வெட்கமே இல்லை. அவருக்கும் மீனம்மாக்கா, “வாங்க, இருங்க” என்றார்.

தையில், கொட்டிலடியில் நான் நட்டிருந்த வெண்டியில் புழு விழுந்தது. தயங்கித் தயங்கி, “அக்கா” என்றேன். உடனே எழும்பி வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“வேப்பங்கொட்டைய இடிச்சு ராவைக்கு ஊறப் போடுங்க. காலைல வடிச்சு அடிங்க. மூணு நாளைக்கு ஒருக்கா அடிங்க” என்றார். “வேற ஏதும் வேணும்னா கேளுங்க.”

சொன்னதில் ஒரு குறையில்லை. வெண்டி தப்பியது. ஒருமுறை ஏசியிருக்கலாம்.

நாலு நாள் கழித்து நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் இருந்து, “இங்க வா புள்ள” என்று அவர் குரல் கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையோடு ஓடினேன்.

என் மகள் டிலுசாவைத்தான் கூப்பிட்டிருந்தார்.