சும்மா கிடைத்த படிப்பு

அரசாங்கம் எனக்காகச் செலவழித்தது. இதைச் சொன்னால் எங்கள் கேமரன் மலையில், தானா ராத்தா ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். நம் தமிழர்களுக்கு என்ன செய்து கிழித்தார்கள் என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே மேசையில் உட்கார்ந்து நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் படிப்பும் விடுதியும் மூன்று வேளைச் சோறும் என் காலுக்குப் பொருந்துகிற சின்ன அளவு பூட்ஸும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும், மலைக்குக் கீழே ஓர் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்தது. குளிர்சாதனப் பிரிவு. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். கேமரன் குளிரில் ஏர்கான் படித்து யாருக்கு மாட்டப்போகிறாய், ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பக்கத்தில் கியா பார்ம் தோட்டங்களில் பூவும் ஸ்ட்ராபெரியும் வாடாமல் வைக்கும் குளிர் அறைகள் கெட்டுப்போனால் கீழேயிருந்துதான் ஆள் வரவேண்டும், அந்த ஆள் நானாக இருக்கக் கூடாதா என்று நானும் விடாமல் கேட்டேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். அவரைச் சம்மதிக்க வைக்க, கிடைக்கப்போகிற சலுகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கட்டணம் கிடையாது என்றேன். தங்குமிடம் சும்மா என்றேன். மாதாமாதம் கைச்செலவுக்குக்கூடத் தருவார்கள் என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது. இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று பூட்ஸையும் சேர்த்துச் சொன்னேன், மடச்சி. அதோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

அம்மாதான் பிறகு விளக்கினார். தோட்டத்திலும் வீடு சும்மாதான், தண்ணீர் சும்மாதான். ஆனால் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்துப் பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்கிற வரைக்கும்தான் அந்தச் சும்மா எல்லாம். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதனால் வேலை பிடிக்காதவர்களும் வீட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டு மறுநாளும் போய் நின்றார்கள். அப்பாவும் அப்படி நின்றவர்தான்.

"சும்மா குடுக்கிறவன் ஆளப் புடிச்சு வச்சுக்குவான்," என்றார் அப்பா மறுநாள்.

படிப்பு முடிந்ததும் அரசாங்கம் என்னைக் கடல் தாண்டிச் சபாவுக்கோ சரவாக்குக்கோ அனுப்பிவிடும், நடுவில் ஓடிவந்தால் லயத்து வாசலில் வந்து நிற்கும் என்று அவர் முடிவே செய்துவிட்டார். இவளைக் கொண்டுபோனால் ஒரே வாரத்தில் கவர்மெண்டே லோரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடும் என்று அம்மா கேலி செய்து பார்த்தார். பலிக்கவில்லை. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில், நேரில் கேட்டுப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் அப்படியே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அப்பா என்னோடு கிளம்பினார். பஸ் ரிங்லெட் ஊரைத் தாண்டி மலை வளைவுகளில் கீழே இறங்கியது.

பதிவு மேசையில் அம்மா வயதில் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி இருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அப்பா பேனாவைத் தொடவில்லை. தனக்குத் தெரிந்த மலாயில், படிப்பு முடிந்ததும் பிள்ளையை எங்கே வேலைக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

அதிகாரியின் முகம் வாடியது. வேலை கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். இதே கேள்விக்காக எத்தனை பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, பாவம். மன்னித்துக்கொள்ளுங்கள், எங்களால் வேலை தர முடியாது, பிள்ளையேதான் தேடிக்கொள்ள வேண்டும், எங்கே பிடிக்கிறதோ அங்கே போகலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டாயம் எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார். அப்பா மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பிள்ளை நடுவில் விட்டுவிட்டு வந்தால் எங்கள் வீட்டை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

"வீடா? இவங்க படிப்புக்கும் உங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அதிகாரி மலாயில்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு அடுத்த மேசைக்கே கேட்டிருக்கும்.

எங்களுக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவர், வேலை தரமாட்டார்களாமே, அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு என்று முனகினார். அப்பா அவர் பக்கம் திரும்பி, ஆமாம், தரவே மாட்டார்களாம் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அந்த மனிதர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்பா விடுதி வாசல் வரை என்னோடு வந்தார். கீழே வெயில் கொளுத்தியது. ஸ்வெட்டரைக் கழற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வருகிறேன் என்று சொல்லி நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"நாளைக்கு எங்க வேலைக்குப் போனாலும், புடிக்கலன்னா விட்டுட்டு வேற பாரு லா. ஒன்ன யாரும் வீட்ட விட்டு வெளிய போன்னு சொல்ல முடியாது."

தனக்காக ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாததை எனக்குச் சொல்லிவிட்டு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினார்.