சிவப்பு வேண்டாம் என்றேன்

“படிச்ச பிள்ளை எண்டால் கந்தோரில ஒரு உத்தியோகக் கதிரையைத் தேடவேணும். இவா வெளிச்சவீட்டை எரிய வைக்கப் போறாவாம்.”

மீனவர் சங்கத் தலைவர் கூட்டத்தில் இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணனும் சிரித்தான். அவன் உயிருக்காகத்தான் நான் எழுந்து, வெளிச்சவீட்டைத் திரும்ப எரிய வைக்கவேண்டும் என்று பேசியிருந்தேன்.

எங்கள் கடற்கரையில், இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் வெள்ளைக்காரர் கலங்கரை விளக்கமாக நட்ட இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. சண்டைக் காலத்தில் அதன் விளக்கு அணைந்தது. ஊரும் கடல் தாண்டி ஓடியது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அதன் உச்சியில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சியிருக்கவில்லை. படிகளில் துரு, உள்ளே புறா எச்சம். வெள்ளைப் பூச்சு உரிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் பனைகளுக்குள் இன்னொரு பனை போலத் தெரிந்தது.

வந்த புதிதிலேயே அப்பாவுக்குக் கால் முடியாமல் போனதால் அண்ணன் வள்ளத்தை எடுத்தான். “திரும்பி வரேக்க வெளிச்சவீட்டைப் பிடிச்சு வா” என்று அப்பா சொல்லி அனுப்பினார். அவர் குறியாக வைக்கச் சொன்னது பகலில் தெரியும் கோபுரத்தை. அது எரிவதில்லை என்று தனியாகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. முகாமில் வளர்ந்த அண்ணனோ வெளிச்சவீடு என்றால் வெளிச்சம் இருக்கும் என்று நம்பினான். இருட்டோடு திரும்பியவன் கரையில் சிவப்பாக ஒன்று எரிவதைக் கண்டு அதைப் பிடித்து வந்தான். அது தொலைபேசிக் கோபுரத்தின் விளக்கு. வள்ளம் மணல்திட்டில் ஏறி எஞ்சின் உடைந்தது. ஊரில் அவனுக்குப் பட்டப்பெயரும் வந்தது: “போன் கதைக்கப் போனவர்.”

கூட்டம் முடிந்து சில நாட்களில் இன்னொரு வள்ளம் அதே சிவப்பைப் பிடித்து வந்து அதே திட்டில் கவிழ்ந்தது. அதிலிருந்தவர்கள் நீந்தித் தப்பினார்கள். அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் வெளிச்சவீட்டை வெட்டிப் பழைய இரும்புக்கு விற்கப் போகிறார்கள் என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா இன்றும் கைநாட்டுத்தான். நான் பல்கலைக்கழகம் போய் பௌதிகம் படித்தேன், சிங்களமும் பழகிக்கொண்டேன். கோபுரத்தடியில் இருந்த கடற்படைக் காவலரணில் அந்தச் சிங்களத்தில் கேட்டுத்தான் மேலே ஏற அனுமதி வாங்கினேன். பிறகு கோபுரத்துக்குப் பொறுப்பான அரசாங்கப் பொறியியலாளரிடம் போனேன்.

“அது விழப்போற இரும்பு, தங்கச்சி.”

“ஏறிப் பாத்தனீங்களோ, சேர்?”

“இல்லை.”

“அப்ப வாங்கோ.”

வந்தார். சுத்தியலால் ஒவ்வொரு சட்டமாகத் தட்டிக்கொண்டு ஏறினோம். அடியில் இரண்டு சட்டங்கள் மட்டும் பொத்தென்று ஒலித்தன. மேலே எல்லாம் கணீரென்றது. இறங்கி வந்ததும், அந்த இரண்டையும் மாற்றினால் கோபுரம் நிற்கும், வெட்டத் தேவையில்லை என்று அவரே சொன்னார். களஞ்சியத்தில் சூரிய ஒளியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று கிடக்கிறது, உடனே பூட்டலாம் என்றார்.

“சிவப்பு வேண்டாம், சேர்.”

“வெளிச்சம்தானே கேட்டனீங்கள்?”

“எங்கட ஆக்களுக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு இருக்கு. அது போன் கதைக்கிறதுக்கு.”

அண்ணனின் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “வெள்ளை. மின்னி மின்னி எரியிறது. அதுதானே?” என்றார். ஓம் என்றேன். அதற்காகச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தோம்; அதற்குள் அந்த இரண்டு சட்டங்களையும் மாற்றினார்கள்.

விளக்கு எரிந்த அந்திப்பொழுதில் ஊரே கரையில் நின்றது. அண்ணனின் வள்ளம் திட்டைச் சுற்றி, வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கரைக்கு வந்தது. சங்கத் தலைவர் என்னிடம் வந்து, “எப்பிடி மின்னுது எண்டு சொல்லு பிள்ளை, என்ர பொடியளுக்குப் பழக்கவேணும்” என்றார். அப்பா ஊன்றுகோலோடு நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், “என்ர மகள் போட்ட லைற்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை மறுக்கவில்லை. உண்மைதானே.

போன கிழமை விடத்தல்தீவிலிருந்து இரண்டு மீனவர்கள் வந்து, தங்கள் இறங்குதுறையும் இருட்டாகத்தான் கிடக்கிறது என்றார்கள். மறுநாளே பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வள்ளங்கள் உள்ளே திரும்பும் முனையில் இடம் பார்த்தோம். விளக்குக் கம்பம் நடக் குழி வெட்டியாகிவிட்டது.