ஹிசாயோ பொறுக்கிய மஞ்சள்

கியோத்தோவில் ஒரு மிட்டாய்க்கடையில் பதினெட்டு வருஷம் சிவப்புப் பயறில் சொத்தை பார்த்த கண் ஹிசாயோவுடையது. கடை மூடியதும் மிசோபுச்சி டாக்டர் அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். அது எண்பதுகளின் தொடக்கம்.

வயிற்று மருந்துக்கு ஆகும் ஓரென் என்ற கசப்பு வேர், மலையில் விளைய ஐந்து வருஷம் பிடிக்கும். அதன் செல்களைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால், அதன் மருந்துச் சத்தான பெர்பெரின் என்ற மஞ்சள் ஆல்கலாய்டு மூன்றே வாரத்தில் குடுவைக்குள் ஊறிவிடும். செல்கள் திரண்ட கட்டிகளில் எது அதிக மஞ்சளோ, அதில்தான் மருந்து அதிகம். பச்சையும் மஞ்சளுமாகக் கலந்து கிடக்கும் கடுகளவு கட்டிகளில் மஞ்சள் மிகுந்ததைப் பொறுக்கி மறுபடி வளர்க்க வேண்டும். அளக்கும் கருவிக்கு ஒரு கட்டிக்கு அரை நாளாகும்; ஹிசாயோவுக்கு ஒரு பார்வை போதும். அந்தக் கைக்குத் தங்க வளையல் போடலாம். இவள் பொறுக்கினால் அளக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் டோஃபு என்ற சோயாக்கட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"பழசை எவன் உன் தலையில கட்டினான்?"

"பாலாட்டம் வெள்ளையா இருக்கேம்மா," என்று சிரித்தாள் மகள் மிஃபுயு.

ஹிசாயோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்; அப்போதும் மஞ்சளாகவே தெரிந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவளுக்குக் காமாலை இல்லாமலே, கண்புரையால் அது பலித்துவிட்டது. அப்படியானால் இரண்டு மாதமாகப் பொறுக்கியதெல்லாம்? திங்கட்கிழமை அவை மொத்தமாக வளர்க்கும் பெரிய தொட்டிக்குப் போகின்றன. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லார் உழைப்பும் குட்டிச்சுவர்.

அந்த ஊரில் தப்புச் செய்தவர் வேறென்ன செய்வார்? ராஜினாமாக் கடிதத்தை வெள்ளை உறையிலிட்டு, திங்கள் காலை டாக்டர் முன் இரண்டு கையாலும் வைத்தாள். இடுப்பு வரை குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் முதலில் போனை எடுத்துத் தொட்டி வேலையை நிறுத்தச் சொன்னார். உறையைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஹிசாயோக்கா, எனக்குப் பொறந்ததுலேர்ந்தே பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்ல. அதனாலதான் உங்களைத் தேடிக் கூட்டிட்டு வந்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாவம், இந்த மனுஷன் இத்தனை காலம் இதை எப்படிச் சுமந்தாரோ!

"அப்போ நான் காட்டினப்பல்லாம் 'ஆமா, நல்ல மஞ்சள்'னு தலையாட்டினீங்களே?"

"உங்களை நம்பித்தான் ஆட்டினேன். கண்ணை ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. மறுபடியும் ஆட்டுறேன்."