நான்கு துண்டுக் கடிதம்

தடித்த கிரேக்க அகராதி ஒன்றின் முதுகில் பொன் எழுத்தில் ஆம்ப்ரோஸ் கெட்லி என்று பெயர் இருக்கும். அந்த மனிதருக்குக் காகிதத்தை வீணாக்கத் தெரியாது. விருந்து அழைப்பு, பழைய பிரசங்கம், வந்த கடிதம் எதுவானாலும் நான்காக வெட்டி, வெற்றுப் பின்பக்கத்தில் ஒரு கிரேக்கச் சொல்லையும் அது வரும் வரியையும் எழுதிவிடுவார். இருபது வருடமாக அகராதி அப்படித்தான் வளர்ந்தது. லெட்டிஸின் கடிதங்களில் மட்டும் கத்தரி வைக்கவில்லை. அதை வைத்தே தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

லெட்டிஸ் மாரோ அபிங்டன் ஊரில் சிறுமிகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள். நிச்சயமாகிப் பதினாறு வருடம். ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய கல்லூரியில், ஆசிரியர் கல்யாணம் செய்துகொண்டால் அறையும் பதவியும் போய்விடும். கல்லூரியின் பொறுப்பிலுள்ள ஏதாவது ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் போதகர் இடம் காலியாகி, மூப்பு வரிசையில் அவர் முறை வரவேண்டும். வந்தால் வீடும் உண்டு, கல்யாணமும் உண்டு.

சனிக்கிழமைகளில் ஒரு பெட்டி நிறையத் துண்டுகளோடு அவள் வீட்டுக்குப் போவார். அவற்றை அடுக்கித் தருவதற்காகவே கிரேக்க எழுத்துகளைக் கற்றிருந்தாள்.

“மூத்த சம்சாரம் எப்படி இருக்கா?” என்பாள், பெட்டியைக் காட்டி.

“இன்னும் பாதிதான் ஆகியிருக்கு, லெட்டி.”

“சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்ல போல. வாராவாரம் கனம் ஏறுதே.”

மூன்று வருடத்துக்கு முன் காம்ப்லி ஊர் தேவாலயத்தில் இடம் காலியானது. “கிரிம்ஷாவுக்குப் போயிடுச்சு. அவர் எனக்கு மூத்தவர்,” என்று வந்து சொன்னார். அவள், “அடுத்தது நமக்குத்தான்,” என்று சொல்லிக் கேக்கை வெட்டிக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

இந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் துடுப்பைப் படகோடு கட்டும் தோல்வாருக்கான சொல் இருந்தது. மறுபக்கத்தில் கல்லூரித் தலைவரின் கையெழுத்து. பெட்டியைக் கிளறி மற்ற மூன்றையும் எடுத்து மேஜையில் சேர்த்துப் பொருத்தினாள். “காம்ப்லி முறைப்படி உங்களுக்கே உரியது. நீங்கள் மறுத்துவிட்டதால் கிரிம்ஷாவுக்குத் தருகிறேன்” என்றிருந்தது.

“அவர் மூத்தவர்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல.”

“அப்புறம் என்ன?”

நூலகம், ஆராய்ச்சி என்று காரணங்களைத் தயாராகத்தான் வைத்திருந்தார். ஆனால் மனதில் வந்து நின்றதென்னவோ கல்லூரியில் கணப்பருகே இருக்கும் தன் நாற்காலியும், இரவு உணவுக்குப் பிறகு கைமாறி வரும் ஒயின் குப்பியும்தான். காது வரைக்கும் சுட்டது.

“புத்தகம் அப்போ பாதியிலதான் இருந்தது.”

“புத்தகத்தை நான் எப்போ வேண்டாம்னேன்? அடுக்கிக் கொடுத்ததே நான்தானே?”

அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவள் விரல்களைப் பார்த்தார். அவருடைய மை அவற்றில் கறையாக இருந்தது.

“பெட்டியை வெச்சுட்டுப் போங்க,” என்றாள். “எடுத்த வேலையை முடிச்சு அனுப்பிடறேன்.”

பத்து நாள் கழித்துப் பெட்டி அவர் அறைக்கு வண்டியில் வந்தது. ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நான்கு துண்டுகளும் கறுப்பு நூலால் நுணுக்கமாகத் தைக்கப்பட்டு, மறுபடி முழுக் கடிதமாகக் கிடந்தன. வேறு ஒரு வரிகூட இல்லை.

அழுதார் என்று எழுத ஆசைதான். அவர் கடிதத்தைப் பின்புறம் திருப்பினார். நான்கு சொற்கள், அவருடைய கையெழுத்தில். அந்தத் தோல்வார்ச் சொல்லுக்குச் சான்று அவரிடம் அது ஒன்றுதான். அச்சகத்துக்குத் திங்கட்கிழமை போகவேண்டிய பகுதி. கை கத்தரிக்கோலைத் தேடி எடுத்தது. நூலை வெட்டி, ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் செருகினார். நான்காவதும் உள்ளே போன பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அறைப் பணியாள் ஹாப்குட் அவர் கோட்டை பிரஷ்ஷால் துடைக்கும்போது, அதன் கையிலிருந்து கறுப்பு நூல் துணுக்குகளைக் கிள்ளி எடுத்தான்.

“என்னங்கய்யா, நீங்களே உக்காந்து தைச்சீங்களா?”

“இல்ல ஹாப்குட். அவ தைச்சு அனுப்பினா. நான் பிரிச்சேன்,” என்றவர் தலையை நிமிர்த்தவில்லை.