மழையில் காய்ந்த டெரிக்காட்டன் விரிப்பு

அந்த ஐப்பசி அடைமழையில் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். என் பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புகளைத்தான் அவருக்குக் கீழே போடுவேன். நனைந்ததை அலசிப் போட்டால் காய்வதே இல்லை. ஈரத்தில் கிடந்து அவர் முதுகு சிவக்கத் தொடங்கியது. புண்ணாகிவிடக் கூடாதே என்று கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து வந்து எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். ஸ்கூல் யூனிபாரம் தைத்து மீந்த டெரிக்காட்டன் துண்டுகளைப் பை நிறையக் கொடுத்தார்.

“நூலுத்துணி தண்ணியக் குடிச்சா வுடாதும்மா. இது சீக்கிரம் காஞ்சிடும். ஒடம்பு படுற பக்கம் மட்டும் ஒன் பொடவ ஒரு மடிப்பு இருக்கட்டும். இல்லன்னா வேர்த்துக் கொட்டும்” என்றார்.

அப்படியே தைத்தேன். நீலமும் கட்டமுமாக இருந்த விரிப்பைப் பார்த்துவிட்டு மாமனார், “என்னத் திரும்ப ஒண்ணாவதுல சேத்துட்டியாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா மாமா, ஒழுங்கா சாப்ட்டாதான் பாஸு” என்றேன். வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

காலையில் அலசி ஃபேனுக்கு அடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்தது. மழை விடுவதற்குள் முதுகில் இருந்த சிவப்பும் ஆறிவிட்டது. நான் கேட்டதை அந்த அக்கா கையில் கொடுத்தனுப்பிய சாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், விளக்கேற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.