குவைத் பெட்டி

மூடியில் சுருட்டுப் படம் போட்ட மரப்பெட்டியை நேற்று திறந்தேன். குப்பென்று பாக்கு மணம் வந்தது. அதோடு, இன்று குடோனாகிவிட்ட எங்கள் பேட்டை வீடும் வந்தது: பகலெல்லாம் ஓயாத பட்டறைகளின் லேத் சத்தம், அடுப்படி மூலையில் மணல் பரப்பி வைத்த தண்ணீர்ப் பானை, அதன் குளிர்ச்சியை ஒட்டியிருந்த மண்சட்டியில் ஈரத்துணிக்குள் அம்மாவின் வெற்றிலை, அதன்மேல் வாழைச் சருகில் சுற்றிய அப்பாவின் சுருட்டுகள், “என் வெத்தல பூரா சுருட்டு நாத்தம்” என்று தினமும் அம்மா ஏசும் ஏச்சு.

அம்மாவின் தம்பி, குவைத் மாமா, இந்தப் பெட்டி நிறையச் சுருட்டு கொண்டுவந்து, “யக்கா, சுருட்ட இதுலதான் வைக்கணும்” என்று பீரோவில் பூட்டிவிட்டுப் போனார். அடுத்த சித்திரையில் லீவுக்கு வந்தவர், கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒன்றை எடுத்துப் பளபளக்கும் சுருட்டுவெட்டியில் வைத்து அழுத்தினார். காய்ந்திருந்த சுருட்டு மடியெல்லாம் உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

அம்மா எழுந்துபோய்ச் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். தன் பாக்குவெட்டியால் நுனியை மட்டும் பதமாய் நறுக்கிக் கொடுத்தாள். மாமா பற்றவைத்து இழுத்தார். புகை உத்தரம்வரை போனது. அப்பா சிரித்த சிரிப்பில் லேத் சத்தமே கேட்கவில்லை.

“சுருட்டும் வெத்தல மாதிரிதாம்லே. பீரோவுல பூட்டுனா காயாம என்ன செய்யும்?” என்றபடி அம்மா பெட்டியைக் கவிழ்த்துத் தூளைத் தட்டினாள். “இது பாக்கு போட்டு வைக்க ஆவும்.”